நாணயமும் உறுதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலர் புன்னகை செய்யக்கூடும். ஆங்கிலத்திலே ‘கவுண்டர்பிற்’ என்று ஒரு சொல் உண்டு; ‘போர்ஜரி’ என்று இன்னொரு சொல் உண்டு. இரண்டும் போலி செய்வதைக் குறிப்பன. இவற்றுக்கிடையே உள்ள பொருள் வேற்றுமை யாது என்பதே நமது பேச்சு. “கரைவலை இழுப்பவனுக்கும் உப்பு வாருபவனுக்கும் இந்த ஆங்கில இலக்கணம் எதற்கு?” என்று கேட்பவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் கூறும் விடை இது: இவ்விரு சொற்களின் வேற்றுமையை அறிந்தவன் தன் காணியைக் காத்துக்கொள்ளக் கூடும். அறியாதவன் தன் கையெழுத்தாலேயே அதை இழந்துவிட்டு, “கையெழுத்து என்னுடையதுதானே, இனி யாரிடம் போய் முறையிடுவது?” என்று வாயடைத்து நிற்கவும் கூடும். சொல் வேற்றுமை சோற்று வேற்றுமையாகவும் முடிவதுண்டு, அன்பர்களே!

நமது ஊர்ப் பேச்சிலே எல்லாவற்றுக்கும் ‘கள்ளம்’ என்ற ஒரே சொல்தான். கள்ளக் காசு என்கிறோம்; கள்ளத் தாள் என்கிறோம்; கள்ளக் கையெழுத்து என்கிறோம்; கள்ள உறுதி என்கிறோம். மிஷன் பாடசாலைகளிலே ஆங்கிலம் கற்ற எம்போன்றோருக்கும் நிலைமை அதிகம் வேறன்று. ஒத்தபொருட் சொற்கள் என்று பட்டியல் எழுதும்போது இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதி மனனம் செய்வது மாணவர் வழக்கம். அகராதியும் ஒன்றன் பொருளுக்கு மற்றதைக் காட்டும். ஆனால் நீதிமன்றம் அவ்வாறு காட்டுவதில்லை.

முதலில் இச்சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். ‘போர்ஜ்’ என்பது கொல்லன் உலைக்களம். வேலை செய்யும் பட்டறையைக் குறித்த இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து அவ்வாறாயிற்று. இரும்பைக் காய்ச்சி அடித்துப் புதிதாக ஒன்றை உருவாக்குவதே அதன் முதற்பொருள். இன்றும் நங்கூரம் அடிக்கும் தொழிலை ஆங்கிலத்திலே அச்சொல்லாற் கூறினால் அதில் இழிவு ஒன்றுமில்லை. ‘கவுண்டர்பிற்’ என்பதோ ‘எதிராக’ என்னும் சொல்லும் ‘செய்தல்’ என்னும் சொல்லும் சேர்ந்து பிறந்தது. ஒன்றை எதிரே வைத்து அதைப்போல மற்றொன்றைச் செய்வது அதன் கருத்து. சேக்ஸ்பியர் காலத்திலே ஒருவருடைய உருவப்படத்தையும் இச்சொல்லாற் குறித்தனர். ஆகவே இரண்டும் குற்றமற்ற சொற்களாகவே பிறந்தன. ஆயினும் பிறப்பிலேயே வேற்றுமை தெரிகிறது. ஒன்றுக்குக் கண்முன்னே ஓர் அசல் வேண்டும். மற்றதற்கு அசல் வேண்டியதில்லை, உலைக்களம் ஒன்றே போதும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். மெக்காலே பிரபு முயன்று வகுத்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாதிரியாகக் கொண்டு அது எழுந்தது. அது ‘கவுண்டர்பிற்’ என்பதற்குக் கூறும் கருத்தின் சாரம் இது: ஒரு பொருளை வேறொரு பொருளைப் போலத் தோன்றும்படி செய்து, அந்த ஒப்புமையினாற் பிறரை ஏய்க்கக் கருதுபவன், அல்லது ஏய்ப்பு நிகழக்கூடும் என்று அறிந்திருப்பவன் அக்குற்றத்தைச் செய்தவனாவான். ஒப்புமை அச்சொட்டாக இருக்க வேண்டுமென்பதில்லை. சாமானியன் ஒருவன் ஏமாறக்கூடிய அளவுக்கு இருந்தாற் போதும். இங்கே உயிர்நாடியான சொல் ‘ஒப்புமை’ என்பதாகும்.

‘போர்ஜரி’ என்பதற்கோ உயிர்நாடி வேறு. பொய் ஆவணம் ஒன்றை உண்டாக்குவதே அதன் அடிப்படை. பொய் ஆவணம் என்றால் பொய்யான செய்தி எழுதிய ஆவணம் என்று நினைத்துவிடல் ஆகாது. ஒருவன் தன் பெயராலே, தன் கையாலே, நூறு பொய்களை எழுதிக் கையொப்பமிட்டாலும் அது பொய்யுரையேயன்றிப் பொய் ஆவணம் ஆகாது. இன்னார் எழுதியது, இன்னாருடைய அதிகாரத்தால் எழுந்தது, இன்ன நாளில் எழுந்தது என்று ஆவணம் தன்னைப்பற்றியே பொய் சொல்ல வேண்டும். சுருக்கிச் சொன்னால், ‘கவுண்டர்பிற்’ முகத்தைப்பற்றிய பொய். ‘போர்ஜரி’ மூலத்தைப்பற்றிய பொய்.

இந்த முகப்பொய்யை விளங்கிக்கொள்ள நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. 1344ஆம் ஆண்டிலே இபுன் பதூதா என்னும் மொரொக்கோ யாத்திரிகர் நமது புத்தளக் கரையிலே வந்திறங்கினார். ‘பத்தாளா’ என்று அவர் எழுதிய ஊர் புத்தளமே என்பர். ஆரியச்சக்கரவர்த்தியை அவர் அங்கே கண்டார்; அரசன் காட்டிய முத்துக்களையும் கண்டார். அந்த அரச குலத்தார் வெளியிட்ட காசுகளிலே நந்தியின் உருவமும் ‘சேது’ என்னும் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. செம்புத் துண்டு ஒன்று காசாவது அந்தப் பொறியினாலேதான். பொறி என்பது அரசன் குடிகளுக்குக் கொடுத்த வாக்கு. அதைப் போலச் செய்பவன் செம்பைத் திருடவில்லை. அரசன் வாக்கைத் திருடுகிறான்.

ஆயினும், காசைப் போலக் காசு செய்வது எல்லாம் குற்றமா? இதற்கு றொபேட் நொக்ஸ் அழகான விடை ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். அவர் 1660இல் மூதூர்ப் பக்கத்திலே பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்து, 1679இல் தப்பி, அரிப்புக் கோட்டையை அடைந்த ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த அவரது நூலிலே புத்தளம் ‘போர்ட்டலூன்’ என்ற பெயரோடு, கண்டிநாட்டின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் கொடுக்கும் துறைமுகமாகக் காட்சி தருகின்றது. அவர் காலத்திலே கண்டிநாட்டில் மூவகைப் பணம் வழங்கிற்றாம். ஒன்று போர்த்துக்கேயர் அடித்தது. இன்னொன்று தூண்டில்போல வளைந்த வெள்ளிக் கம்பி. இலாரின் என்று நாணய ஆராய்ச்சியாளர் கூறும் இனம். இதனை யாரும் அரசன் அனுமதியோடு செய்யலாம். விரும்பிய குறியையும் இடலாம். மூன்றாவது அரசனுக்கே உரிய சிறிய காசு. அதை வேறொருவன் அடித்தால் மரண தண்டனை.

பாருங்கள், தோழர்களே! ஒரே நாடு, ஒரே காலம், ஒரே வெள்ளி. தூண்டிற் பணத்தை வீட்டிலே வளைத்தவன் குற்றவாளி அல்லன். அரசன் காசை வீட்டிலே அடித்தவன் தலையை இழந்தான். ஏன்? தூண்டிற் பணத்தின் மதிப்பு அதன் வெள்ளியிலே இருந்தது. அரசன் காசின் மதிப்போ அரசன் பேரிலே இருந்தது. தூண்டிற் பணத்தில் ஐயம் தோன்றினால் அதை நெருப்பிலே செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இடுவார்களாம். தூய வெண்மையாக வந்தால் செல்லும், இன்றேல் செல்லாது. ஆடி மாதங்களிலே திரௌபதை அம்மன் சந்நிதியில் தீமிதிப்பைக் கண்டு வளர்ந்த உடப்புக் கரை மக்களுக்குத் தீயினால் தூய்மையைச் சோதிக்கும் கருத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தீ வெள்ளியைச் சோதிக்கும். அரசன் அதிகாரத்தைச் சோதிக்காது. கலப்பற்ற வெள்ளியிலே கள்ளத்தனமாக அடித்த காசு தீயிலே வெண்மையாகத்தான் வரும்.

இன்னொரு சான்றும் உண்டு. உரோமாபுரியின் சிறு செப்புக் காசுகள் நமது தீவிலே ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றோடு, ஏறக்குறைய கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. நாணய ஆராய்ச்சியாளர் இவற்றை உள்ளூர்ப் பாவனைக்கு எழுந்த ‘பாவனைக் காசுகள்’ என்ற வகையிலே வைத்து ஆராய்கின்றனரேயன்றிக் கள்ளக் காசு என்று தள்ளிவிடுவதில்லை. ஒப்புமை மாத்திரம் குற்றமன்று. ஒப்புமையோடு ஏய்க்கும் எண்ணமும் கூடினாலன்றோ குற்றம்!

இனி ‘போர்ஜரி’க்கு வருவோம். இதுவே நமது மக்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி. பொய் ஆவணம் மூன்று வழிகளிலே பிறக்கும் என்று சட்டம் வகுக்கிறது.

முதல் வழி யாவரும் அறிந்தது. மற்றொருவன் எழுதியதாகவோ, அவன் அதிகாரத்தால் எழுந்ததாகவோ பிறர் நம்பும்படி, அவனுக்குத் தெரியாமலே எழுதுவது, கையொப்பமிடுவது, முத்திரை பதிப்பது. இறந்துபோன பாட்டனுடைய கையொப்பம் திடீரென்று ஓர் உறுதியிலே தோன்றுவது இவ்வகை.

இரண்டாம் வழி, முறையாக எழுந்த ஆவணத்தைப் பின்னர் அதிகாரமின்றி மாற்றுவது. பத்துப் பேர்ச்சை நாற்பது பேர்ச்சாக்குவதும், எல்லையிலே ‘பனை’ என்றிருந்ததைப் ‘பாதை’ என்று திருத்துவதும் இவ்வகை.

மூன்றாம் வழியைக் கவனமாகக் கேளுங்கள். புத்தி சுவாதீனம் இல்லாமையாலோ குடிமயக்கத்தாலோ ஆவணத்தின் உள்ளுறையை அறிய இயலாதவன் என்று தெரிந்தும் ஒருவனைக் கையொப்பமிடச் செய்வது. அல்லது வஞ்சனையால் உள்ளுறையை அவன் அறியாதபடி மறைத்துக் கையொப்பமிடச் செய்வது. இங்கே கையொப்பம் உண்மையானது. பெருவிரல் அடையாளம் உண்மையானது. மையும் தாளும் உண்மையானவை. ஆனாலும் ஆவணம் பொய் ஆவணம். அதை உண்டாக்கியவன் செய்தது ‘போர்ஜரி’.

ஒரு கடற்றொழிலாளி வலைக்கும் படகுக்கும் பணம் வேண்டித் தன் காணியை ஈடு வைக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். “ஈட்டு உறுதிதான், ஒப்பம் வை” என்று கூறி, அறுதியாக விற்றதாக எழுதிய உறுதியை மடித்து நீட்டுகிறார்கள். அவன் ஒப்பம் வைக்கிறான். சில ஆண்டுகளின் பின் முதலும் வட்டியுமாகப் பணத்தைக் கொண்டுபோனால், “காணி உன்னுடையதல்லவே” என்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து சொல்வது என்ன? “கையெழுத்து என்னுடையது, என்ன செய்ய?” கள்ளம் என்றால் கையெழுத்தைப் பார்த்து வரைவது என்று மட்டுமே அவன் எண்ணியிருப்பதால், தனக்கு நேர்ந்ததைக் கள்ளம் என்று பெயரிட்டுச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. ‘கவுண்டர்பிற்’ என்ற கருத்தே ‘போர்ஜரி’யின் இடத்தையும் பிடித்துக்கொண்டதனால் வந்த வினை இது. அசலைப்போல ஒன்றும் செய்யப்படவில்லையே என்று அவன் நினைக்கிறான். மூலத்திலே அவனுடைய சம்மதம் இல்லை என்பதைச் சட்டம் நினைக்கிறது. குற்றம் என்று பெயர் பெற்றவுடன் காணி தானாகத் திரும்பிவிடும் என்று இதற்குப் பொருளன்று; அதற்கு வேறாக வழக்காட வேண்டும், சாட்சியும் வேண்டும். ஆனால் முதற்படியாக, ‘எனக்குச் செய்தது குற்றம்’ என்று அறியும் துணிவு வேண்டுமல்லவா?

மேலும் ஒன்று. தன் சொந்தப் பெயரைத் தானே எழுதுவதும் சில வேளைகளிலே ‘போர்ஜரி’ ஆகலாம் என்று சட்டம் வெளிப்படையாகவே விளக்குகிறது. அதே பெயருடைய வேறொருவன் ஒப்பமிட்டதாகப் பிறர் நம்பும்படி ஒருவன் தன் பெயரை எழுதினால் அது குற்றம். ஒரே தெய்வத்தின் பெயரை வீட்டுக்கு வீடு சூட்டும் நமது ஊர்களுக்கு இது வேடிக்கையான செய்தியன்று. அவ்வாறே, காணியை ஒருவருக்கு விற்றபின், அதே காணியை அதற்கு ஆறு மாதம் முந்திய திகதியிட்டு வேறொருவருக்கு எழுதிக் கொடுப்பதையும் சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. ஆள் உண்மை, கை உண்மை, காணி உண்மை. நாள் மாத்திரம் பொய். அந்த ஒரு பொய்யே போதும்.

இவ்விரு குற்றங்களும் தனித்தனி என்பதை உலகுக்கே காட்டிய நிகழ்ச்சி ஒன்று 1925ஆம் ஆண்டில் நடந்தது. போர்த்துக்கல் நாட்டிலே ஆல்வெஸ் டொஸ் றெயிஸ் என்பவன், போர்த்துக்கல் வங்கி தனக்கு அதிகாரம் அளித்ததாகப் பொய் ஆவணங்களைச் சமைத்தான். அவற்றைக் காட்டி, அந்த வங்கிக்கு முறையாக நோட்டு அச்சிடும் இலண்டன் வாட்டர்லோ நிறுவனத்தைக் கொண்டே 500 எஸ்கூடோ நோட்டுக்களை அச்சிடுவித்தான். அந்த நோட்டிலே இருந்த உருவம் வாஸ்கோ ட காமாவினுடையது. கீழைத்தேசக் கடலுக்கு வழிகண்டவன் முகத்தைக் கொண்டே இந்தப் பெருங்களவு நடந்தது. அந்த நோட்டுக்களிலே பிழை பிடிக்க ஒன்றுமே இல்லை. அதே தகடு, அதே தாள், அதே அச்சுக்கூடம். முகத்திலே ஒரு பொய்யும் கிடையாது. டிசெம்பர் மாதத்தில் போர்ட்டோ நகரிலே ஒரே இலக்கமுடைய இரண்டு நோட்டுக்கள் அகப்பட்டபோதுதான் உண்மை வெளியாயிற்று. வங்கி அந்த வகை நோட்டு முழுவதையும் மீளப்பெற வேண்டியதாயிற்று. வங்கிக்கும் அச்சகத்துக்கும் நடந்த வழக்கு 1932இல் பிரபுக்கள் சபை வரை சென்று வங்கிக்குச் சார்பாக முடிந்தது. முகம் முழுவதும் மெய். மூலம் முழுவதும் பொய். தொட்டுப் பார்த்தும் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தும் இதனைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

நோட்டு என்பது உண்மையிலே ஓர் இரட்டைப் பிறவி. கைமாறுவதனாலே அது காசு. ஒப்பமும் வாக்குறுதியும் தாங்குவதனாலே அது ஆவணம். இந்தியச் சட்டத்திலே 1899இல் நாணயத்தாளுக்கெனத் தனிப்பிரிவுகள் சேர்ந்தபோது அவை ஆவணக் குற்றங்களின் அதிகாரத்திலே அமர்ந்தன. ஆனால் குற்றத்தின் பெயரோ காசுக்குரிய ‘கவுண்டர்பிற்’ என்பதாகவே இருந்தது. 2024 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய இந்தியச் சட்டத்திலேதான் காசும் நோட்டும் ஒரே அதிகாரத்திலே வந்து சேர்ந்தன. சட்டம் வகுத்தோருக்கே எங்கே வைப்பது என்ற தடுமாற்றம் இருந்ததென்றால், வேற்றுமை எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

இந்து வாலிபர்களாகிய நமக்கு நெருங்கிய இன்னொரு விடயம். ‘எசூர் வேதம்’ என்று ஒரு நூல் பதினெட்டாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிற் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. வியாசரும் சுமந்துவும் உரையாடுவதாக அமைந்த அந்த நூலின் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி 1760இல் வோல்த்தேர் கையிற் கிடைத்தது. அதனை மிகப் பழைய இந்திய நூலென நம்பிய அவர் பாரிசிலுள்ள அரச நூலகத்துக்கு வழங்கினார். 1778இல் அது அச்சேறிற்று. 1782இலேயே சொன்னெரா என்பவர், இது பாதிரியார் ஒருவரின் ஆக்கமேயன்றி வேதம் அன்று என்றார். பின்னர்ச் சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை புதுச்சேரியிலே மூலக் கையெழுத்துக்களை ஆராய்ந்தார்; அவர் கட்டுரை அவர் இறந்தபின் 1822இல் வெளியாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரே குடும்பத்தவை என்று 1816இல் எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ்தான் இவர். அவர் தமது கட்டுரையின் தலைப்பிலே எந்தச் சொல்லை இட்டார் என்பது கவனிக்கத்தக்கது. ‘போர்ஜரி’ என்றும் இடவில்லை, ‘கவுண்டர்பிற்’ என்றும் இடவில்லை. வேதங்களைப் பின்பற்றிய அண்மைக்கால ‘இமிற்றேசன்’, அதாவது பாவனை, என்றே இட்டார். 1984இல் லூடோ றோஷே என்னும் அறிஞர் அந்நூலை மீண்டும் முழுவதாக ஆராய்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வேதம் என்று பெயரிட்டு வெளியிட்டார்.

இதனை நாம் பாதிரிமார் மீது வெறுப்பை மூட்டுவதற்காகக் கூறவில்லை. எமக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். நன்றி மறப்பது நன்றன்று. கூற வந்தது இதுவே: வேதத்தின் முகம் அந்த நூலிலே இல்லை, அசல் வேதத்தைக் கற்றவன் ஒருவன் ஒரு நாழிகையிலே வேற்றுமையைக் கண்டுவிடுவான். ஆகவே அது ‘கவுண்டர்பிற்’ அன்று. மூலத்தைப்பற்றி ஏய்க்கும் எண்ணம் எழுதியவருக்கு இருந்திருந்தால் ‘போர்ஜரி’ எனலாம். வேதமதத்தாரோடு வாதிட எழுதிய உரையாடலே என்றால் பாவனை எனலாம். எண்ணத்தை அறியாமல் கடுஞ்சொல்லைப் பிரயோகிக்கலாகாது என்னும் நிதானத்தை எல்லிஸிடம் நாம் கற்கலாம். வேடிக்கை யாதெனில், பாதிரியார் எழுதியதாகத் தெரியவந்த அந்த நூலையே வோல்த்தேர் திருச்சபைக்கு எதிரான வாதங்களுக்குப் பயன்படுத்தினார்!

மூலப்பொய்யைப் பிடிக்க எந்தக் கருவி உதவும்? தராசும் தீயும் உதவா; மொழியறிவே உதவும். உரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் மேற்றிசை ஆட்சியைப் பாப்பரசருக்குத் தானம் செய்ததாகக் காட்டிய சாசனத்தை, அச்சக்கரவர்த்தி காலத்திலே வழங்காத இலத்தீன் சொற்கள் அதிலே இருந்தமை முதலிய சான்றுகளால், 1440இல் லொறென்சோ வல்லா பொய்யென நிறுவினார். 1889இல் அயர்லாந்துத் தலைவர் பார்னெல் எழுதியதாகக் காட்டிய கடிதங்கள், றிச்சட் பிகொட் என்பவன் ஒரு சொல்லுக்கு வழக்கமாக விடும் எழுத்துப்பிழையாலே பொய்யென வெளியாயின. நமது நாவலர் பெருமான் பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அதே மொழிக்கூர்மையோடு பழைய ஏடுகளை ஒப்புநோக்கி நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர். இடைச்செருகலைக் கண்டறியும் புலவனும் பொய் உறுதியைக் கண்டறியும் நியாயவாதியும் ஒரே தொழிலைச் செய்கின்றனர் என்றே நாம் கருதுகின்றோம்.

சொற்கள் இரண்டும் குழம்பினால் உயிருக்கே கேடு வருவதுண்டு. மருந்துலகிலே ‘கவுண்டர்பிற்’ என்னும் சொல் நெடுங்காலம் எல்லாவற்றையும் சுட்டிற்று. உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை, தரங்கெட்ட மாத்திரை, பிறருடைய வியாபாரக் குறியைத் திருடிய மாத்திரை யாவும் அதற்குள் அடங்கின. அதனால், நேர்மையாகச் செய்யப்பட்ட மலிவு மருந்தும் அந்தச் சந்தேகத்திற்குள் அகப்படும் என்று இந்தியா போன்ற நாடுகள் அஞ்சின. 2008ஆம் ஆண்டின் முடிவிலே, இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற இரத்த அழுத்த மருந்து, உரிமைப் பிரச்சினையைக் காட்டி நெதர்லாந்துச் சுங்கத்திலே தடுக்கப்பட்டது. மருந்திலே குறை ஒன்றும் இல்லை. இறுதியில் 2017இல் உலக சுகாதார தாபனம் அந்தச் சொல்லை விட்டு, தரங்குறைந்தவை வேறு, பொய்யாக்கப்பட்டவை வேறு என்று பிரித்துப் பெயரிட்டது. வியாபாரப் பெயரை நீக்கி, மருந்தின் இயற்பெயரால் மலிவாக வாங்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் நமது நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது அதன் முதல் தலைவராயிருந்தவர் அவர். அவர் திறந்த வழியிலே வந்த மருந்தைப் ‘போலி’ என்று ஒரு சொல்லாலே தள்ளிவிட்டால் நட்டம் ஏழை நோயாளிக்கே.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்திலே இரண்டு சொற்கள் இருக்கத் தமிழிலே ‘கள்ளம்’ ஒன்றுதானே என்று சிலர் நாணக்கூடும். நாணத் தேவையில்லை. தமிழன் குற்றத்துக்கு இரண்டு பெயர் வைக்காவிட்டாலும், கெடுக்கப்படும் பொருளுக்கு இரண்டு அருமையான பெயர்களை வைத்திருக்கிறான். காசை நாம் நாணயம் என்கிறோம். நேர்மையையும் நாணயம் என்கிறோம். காணிப் பத்திரத்தை இந்நாட்டிலே உறுதி என்கிறோம். அசையாத தன்மையையும் உறுதி என்கிறோம். ‘கவுண்டர்பிற்’ கெடுப்பது நாணயத்தை. ‘போர்ஜரி’ கெடுப்பது உறுதியை. கள்ளக் காசு சந்தையிலே யாரென்று தெரியாத ஆயிரம் பேரின் நம்பிக்கையைத் தேய்க்கிறது. அது ஒவ்வொருவரிடமும் சிறிது சிறிதாகத் திருடும். கடைசியாக எவன் கையிலே நின்றதோ அவனிடம் முழுவதையும் திருடும். கள்ள உறுதியோ முகமறிந்த ஒருவனைத் தேடிப் போய், அவன் பாட்டன் தேடியதை ஒரே நாளிலே கொண்டுபோய்விடும். நாணயம் ஊருக்குப் பொது. உறுதி குடும்பத்துக்கு உயிர்.

இக்காலத்திலே இரண்டும் கைத்தொலைபேசிக்குள்ளே வந்து குடியேறிவிட்டன. தெரிந்தவருடைய குரலைப் போலவே பேசிப் பணம் கேட்கும் கருவிகள் தோன்றிவிட்டன, அது முகப்பொய். வங்கி அனுப்பியதாக வரும் செய்தி மூலப்பொய். குரலைக் கூர்ந்து கேட்டு முதலாவதைப் பிடித்துவிடலாம் என்று இனி நம்பியிருத்தல் ஆகாது. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: முகத்தைப் பார்த்து மயங்காமல் மூலத்தைத் தேடுவது. அழைப்பை நிறுத்தி, நமக்கு முன்பே தெரிந்த இலக்கத்தில் அவரையே அழைத்துக் கேட்பது.

முடிவாக, நமது சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நிலத்தை விற்பதானால் எழுத்திலே, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கூடியிருக்கக் கையொப்பமிட வேண்டுமென்று விதித்தது. நல்ல வேலிதான். ஆனால் வேலிக்குள் நிற்பவனுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் வேலி என்ன செய்யும்? உறுதி ஒரு மொழியில், ஒப்பமிடுபவன் வேறு மொழியில் என்ற நிலை நமது கரையிலே புதியதன்று. ஆகவே சங்க மண்டபத்திலே வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குவோம். ஈடு வைக்கவோ விற்கவோ போகும் எவரும், சாதி சமய வேறுபாடின்றி, ஒப்பமிடுமுன் தமது பத்திரத்தைக் கொண்டு வரட்டும். சிங்களமும் ஆங்கிலமும் அறிந்த நம் தோழர்கள் அதை வரிக்கு வரி தமிழிலே வாசித்துக் காட்டட்டும். அறுதியா, ஈடா, நன்கொடையா, எத்தனை பேர்ச், எல்லை எது, திகதி எது, இவ்வளவும் கேட்டபின் அவர் எழுந்து போகட்டும். கூலி வேண்டாம், அறிவுரையும் வேண்டாம், வாசித்தால் போதும். காணிப் பதிவகத்திலே ஏட்டைத் தேடிப் பார்க்கும் முறையையும் இளைஞர் நால்வர் கற்றுக்கொள்ளட்டும்.

விளக்கீடும் விழாவும் நடத்துவது சங்கத்தின் அழகு. ஒருவனுடைய பெருவிரல் மையிலே தோயுமுன் அவன் காதிலே உண்மை விழச் செய்வது சங்கத்தின் கடமை. நாம் கற்ற ஆங்கிலம் அதற்கு உதவாவிட்டால் வேறெதற்கு உதவப்போகிறது? ஊரின் நாணயமும் வீட்டின் உறுதியும் நிலைபெறுக என்று முன்னேசுவரத்துப் பெருமானை வேண்டி அமைகின்றோம்.